மேடைக்குப் பின்னே ஒரு காமிரா



இசைக்குழுவொன்று ஊர் ஊராகச் சென்று பாடும்போது, அதனுடன் கூடவே பயணம் செய்து, மேடையில் நிகழ்வதைக் காட்டிலும் மேடைக்குப் பின்னே நிகழ்வதையே மிகுதியாகப் படம் பிடிக்கும் திரைப்பட வகை ஒன்று உண்டு. இன்று ஆவணப்படம் என்றும், முன்னாளில் விவரணப் படம் என்றும் நாம் வழங்கி வந்த இனத்தில் அது ஒரு தனிக் கிளை. அதனைப் பற்றியே இப்பொழுது பேச விரும்புகிறேன்.

வெள்ளாற்றங்கரையில், திட்டக்குடியில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரிலிருந்து விருத்தாசலத்துக் கல்லூரிக்குப் பேருந்தில் செல்லும் மாணவர்கள் பலர், கொரிய நாட்டு இளைஞர் எழுவரின் இசைக்குழுவாகிய பி.டி.எஸ். பற்றிய படங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே போகிறார்கள். 2017ஆம் ஆண்டில் அக்குழு மேற்கொண்ட பயணத்தை, 'பர்ன் தி ஸ்டேஜ்' என்ற பெயரில் 2018இல் படமாக வெளியிட்டார்கள். "பாட்டை விட இதுதான் ஐயா எனக்குப் பிடிக்கிறது, அவர்களோடு நேரில் பழகினாற்போல இருக்கிறது" என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னார். பழகினாற்போல இருக்கிறது என்பது எவ்வளவு மெய்? என் ஆராய்ச்சி அவ்வளவே.

முதலில் பயணம் என்பது என்னவென்று பார்ப்போம். அதற்குக் கொரியா வரை போக வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்னிசைக் கச்சேரி வைப்பது நெடுநாளைய வழக்கம். பிற்பகல் 3 மணிக்கு ஒரு வேன் வந்து நிற்கும். முதல்நாள் இரவு வேறோர் ஊரில் பாடிவிட்டுத் தூக்கம் குறைந்த கண்களோடு பதினைந்து பேர் இறங்குவார்கள். மைக் செட்காரர் வர நேரமாகும். ஜெனரேட்டர் ஓடினால் ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்கும். இரைச்சலை நிறுத்தினால் ஒலியே நின்றுவிடும். ட்ரம்ஸ் வாசிப்பவர் தம் வாத்தியத்தை ஆணியடித்து மேடைப் பலகையோடு பிணைத்துக்கொண்டிருப்பார். இல்லையேல் மூன்றாம் பாட்டிலே அது முன்னால் நகர்ந்துவிடும். பாட வந்த பெண்கள் புடவை மாற்றிக்கொள்ளப் பள்ளிக்கூடத்து வகுப்பறையொன்றைத் திறந்துவிடுவார்கள், தாழ்ப்பாள் இருக்காது, ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி வாசலில் காவல் நிற்பாள். குழுத் தலைவருக்கோ, மீதிப் பணத்தை விழாக்குழுவினரிடமிருந்து கடைசிப் பாட்டுக்கு முன்னே வாங்கிவிட வேண்டுமே என்ற ஒரே கவலை. கூட்டம் கலைந்தபின் யாரைத் தேடுவது? இரவு 1 மணிக்குப் பொட்டலச் சோறு. 2 மணிக்கு மறுபடியும் வேன்.

மேடையில் நின்றது 4 மணி நேரம். மற்றது யாவும் சாலையும் காத்திருத்தலும். எதிரே மணலில் உட்கார்ந்திருப்பவர் இந்த 4 மணி நேரத்தை மட்டுமே அறிவார். விருத்தாசலத்துப் பீங்கான் அகல்விளக்கைக் கடையில் வாங்குகிறவர் சூளையைக் காணாதது போலத்தான். காணவேண்டியது அவசியமா என்று கேட்டால், விளக்குக்கு அவசியமில்லை. சூளையில் நிற்கிறவருக்கு அவசியம் என்பேன்.

மேடைக்குப் பின்னே இருக்கும் இவ்வுலகத்தைப் படம் பிடிப்பது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. காமிரா பெரும் பாரம். ஒலியைச் சேர்த்துப் பதிவு செய்யும் கருவியோ அதனினும் பாரம். 1960ஆம் ஆண்டையொட்டி, தோளில் வைத்துச் சுமக்கத்தக்க 16 மில்லிமீட்டர் காமிராவும், அதனோடு இசைந்து ஓடும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் அமெரிக்காவில் பயனுக்கு வந்தன. அவற்றைக் கொண்டு, கென்னடி கலந்துகொண்ட ஒரு தேர்தல் போட்டியை 'பிரைமரி' என்ற பெயரில் ராபர்ட் ட்ரூ என்பவரின் குழு படமாக்கிற்று. அக்குழுவிலிருந்த பென்னிபேக்கரும் ஆல்பர்ட் மேசில்ஸும் பின்னர் இசைக்கலைஞர்களின் பக்கம் திரும்பினார்கள். அரசியல்வாதியைப் போலவே பாடகரும் எப்பொழுதும் கூட்டத்துக்கு நடுவே வாழ்கிறவர் அல்லவா?

1965ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பாப் டிலன் இங்கிலாந்தில் பாடச் சென்றார். உடன் சென்ற பென்னிபேக்கர் எடுத்த 'டோன்ட் லுக் பேக்' 1967இல் வெளிவந்தது. விளக்கிச் சொல்லும் குரல் அதில் இல்லை. விடுதி அறை, மோட்டார் வண்டி, பத்திரிகைக்காரர்களின் கேள்வி, பாடகரின் எரிச்சல் என்று அது போகிறது. எனக்கு அதில் மறக்கவொண்ணாதது ஒரு தொலைபேசிக் காட்சி. டிலனின் மேலாளர் இன்னொரு முகவருடன் உட்கார்ந்து, இரண்டு தொலைக்காட்சி நிலையங்களை ஒன்றுக்கொன்று போட்டியிடச் செய்து விலையை ஏற்றுகிறார். கத்திரிக்காய் மண்டியில் கேட்கும் பேரம்தான். பொருள் மட்டும் வேறு. இப்படத்தை எடுக்க வாய்ப்பளித்தவரே அந்த மேலாளர்தாம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஆயினும் தம் பேரத்தை வெட்டிவிடும்படி அவர் செய்யவில்லை.

அடுத்ததாக நான் சொல்லப்போவது கடுமையானது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கிலேய இசைக்குழு 1969இல் அமெரிக்காவில் பயணம் செய்தது. முடிவில், டிசம்பர் 6ஆம் நாள், கலிபோர்னியாவில் ஆல்டமான்ட் என்னுமிடத்துப் பந்தயத் திடலில் இலவசக் கச்சேரி ஒன்று நடந்தது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் திரண்டார்கள். மேடையோ மிகத் தாழ்வு. அதைக் காக்க நின்றவர்கள் மோட்டார் சைக்கிள் கூட்டத்தைச் சேர்ந்த முரடர்கள். குழு பாடிக்கொண்டிருக்கையிலேயே, மேடைக்கு எதிரே, மெரெடித் ஹன்டர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். அவர் கையில் துப்பாக்கி இருந்தது. இது காமிராவில் பதிந்தது; படம் எடுத்தவர்கள் அப்போது அதை உணரவில்லை.

ஆல்பர்ட், டேவிட் மேசில்ஸ் சகோதரரும் சார்லட் ஸ்வெரின் என்ற அம்மையாரும் இந்தப் படத்தை 1970இல் 'கிம்மி ஷெல்டர்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். நடந்ததை வரிசையாகக் காட்டியிருந்தால் அது ஒரு விபத்துச் செய்தியாக நின்றிருக்கும். அவர்கள் செய்தது வேறு. படத்தொகுப்பு மேசையின் முன்னே பாடகர் மிக் ஜாகரை உட்கார வைத்து, அந்தக் காட்சியை அவருக்கே போட்டுக் காட்டி, பார்க்கின்ற அவர் முகத்தைப் படமாக்கினார்கள். திரும்பவும் ஓட்டச் சொல்கிறார், மெல்ல ஓட்டுகிறார்கள், கத்தி தெரிகிறது. ஒன்றும் பெரிதாகச் சொல்லாமல் எழுந்து போகிறார். முகம் அசைவற்று நின்றுவிடுகிறது. அந்த முகத்தில் இருப்பது துயரமா, பொறுப்பா, களைப்பா? பலமுறை பார்த்தவர்களும் ஒருமித்த விடை சொல்வதில்லை. குத்தியவர்மீது நடந்த வழக்கில் இதே படச்சுருள் சான்றாகக் காட்டப்பட்டது. தற்காப்பு என்று கொண்டு 1971இல் அவரை விடுவித்தார்கள். இங்கே காமிரா ரசிகருக்கு நெருக்கத்தை ஊட்டவில்லை. கலைஞரையே தம் மேடையின் எதிர்ப்புறத்தில் நின்று பார்க்கச் செய்தது.

இதனோடு ஒப்பிட்டால் இன்றைய பெரும்பாலான பயணப்படங்கள் இனிப்புப் பண்டங்கள். குழுவை நடத்தும் நிறுவனமே பணம் போடுகிறது. எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதையும் நிறுவனமே முடிவு செய்கிறது. கொரியக் குழுவின் படமும் நிறுவனத்தின் வெளியீடே. அதில் வரும் களைப்பும் கண்ணீரும் பொய்யென்று நான் சொல்லவில்லை. உடல் தளர்வது உண்மை. அதைக் காட்டலாம் என்று ஒருவர் தீர்மானித்ததும் உண்மை. அம்மாணவிக்கு நான் சொன்னதும் இவ்வளவே: அழுகிற இளைஞரை மட்டுமன்று, அவர் அழும்போது அறையை விட்டு வெளியே போகாமல் நின்ற காமிராக்காரரையும் நினைத்துக்கொள்.

ஒரே நிகழ்ச்சியிலிருந்து இரண்டு கதைகள் பிறப்பதும் உண்டு. பீட்டில்ஸ் குழுவினர் 1969 ஜனவரியில் பாட்டமைத்ததை ஏறத்தாழ 60 மணி நேரப் படச்சுருளில் பதிந்து வைத்தார்கள். 1970இல் வெளிவந்த 'லெட் இட் பீ' படத்தைப் பார்த்தவர்கள், குழு உடைந்த துயரத்தையே அதில் கண்டார்கள். அதே சுருள்களிலிருந்து பீட்டர் ஜாக்சன் தொகுத்து 2021இல் வெளியிட்ட 'கெட் பேக்' சிரிப்பும் நட்பும் நிரம்பியதென்று பெயர் பெற்றது. வேடிக்கை யாதெனில், குழுவினருள் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் இடையிலே கோபித்துக்கொண்டு வெளியேறியது துயரப் படத்தில் இல்லை. மகிழ்ச்சிப் படத்தில்தான் இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். ஊர் ஊராகச் சென்ற கலைக்குழுக்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை', எழுத்திலே எடுத்த பயணப்படம் என்றே சொல்லத் தகும். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சிக் கூட்டங்களுக்காக ஊர்தோறும் பாடினார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளரிடையே அவர் குரல் பெரிதும் பேசப்பட்டது. அக்குழுவில் ஆர்மோனியம் வாசித்த தம்பியை உலகம் பின்னர் இளையராஜா என்று அறிந்தது. அந்தப் பயணங்களின் பசியையும் உறக்கத்தையும் அவர்கள் சொல்லித்தான் அறிகிறோம்.

பறைக்கு மட்டும் அண்மையில் ஒரு பேறு கிட்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்து இசையாராய்ச்சியாளர் ஸோயி ஷெரினியன், தென் தமிழ்நாட்டுச் சிற்றூரின் பறைக் கலைஞர்களை வைத்து 2011இல் ஒரு படம் எடுத்தார். 'இது இசையே' என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டார். சாவு வீட்டுக்குரியதென்று ஒதுக்கிவைத்த கருவியைப் பற்றிய படத்துக்கு அந்தத் தலைப்பு வேண்டியதாயிருந்தது. பின்னர், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பறை பயிலும் தலித் இளம்பெண்களைப் பற்றி மற்றொன்று எடுத்தார். பயிற்சியையும் மேடையையும் பிரிக்காமல் சேர்த்தே காட்டுவது அதன் சிறப்பு. ஆட்டத்தின் அடி தவறும் இடமும் அதிலே ஒரு செய்திதான். ஏனெனில் அப்பெண் கையில் அக்கோலை எடுத்ததே பெருஞ்செய்தி.

உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இப்பொழுது ஒரு காமிரா இருக்கிறது. எங்கள் கடலூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் தெருக்கூத்து இன்னும் நடக்கிறது. படம் எடுக்க விரும்பும் மாணவர், ஆட்டத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகவே ஒப்பனைக் கொட்டகைக்குச் செல்லட்டும். வாத்தியாரிடம் அனுமதி கேட்கட்டும். எடுத்ததைக் குழுவினருக்கே முதலில் போட்டுக் காட்டுவதாக வாக்களிக்கட்டும். பகலெல்லாம் கரும்புக் கொல்லையில் வேலை செய்த கை, சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முகத்தில் வண்ணம் பூசுவதைக் காணலாம். மரத்தாலான கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் ஒருவருக்கு ஒருவர் கட்டிவிடுவதைக் காணலாம். விலகாமல் எட்டிப் பார்க்கும் சிறுவர் கூட்டத்தையும் காணலாம்.

ஆட்டம் தொடங்கியபின் காமிராவை எங்கே நிறுத்துவது என்ற சிக்கல் வரும். ஏனெனில் கூத்தில் வேடம் நேராக வந்து நிற்பதில்லை. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். துரியோதனன் அதன் பின்னே நின்று தன் வரவைப் பாடுவான். முன்னாலிருப்பவர்களுக்குத் துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால்கள் மட்டும் தெரியும். மேலே கிரீடத்தின் நுனி ஆடும். பின்னாலிருப்பவர்களுக்கு அவன் முதுகின் வியர்வையும், இடுப்பில் அவிழத் தொடங்கிய முடிச்சும், அதைப் பாட்டை நிறுத்தாமலே இறுக்கிக்கொள்ளும் விரல்களும் தெரியும். முகவீணை உச்சத்துக்குப் போகும். திரை இறங்கப் போகிறது. எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள்?