கல்நார்க் கூரை



கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரின் சுரங்கம் தந்த பெயர் அது. தோண்டியெடுத்த கல்நாரில் பெரும்பகுதியைக் கனடா வெளிநாடுகளுக்கு விற்றது. வாங்கிய நாடுகளில் முக்கியமானது இந்தியா. அதே காலத்தில் கனடா தன் நாடாளுமன்றக் கட்டடங்களிலிருந்து கல்நாரை அகற்றிக்கொண்டிருந்தது! தன் மக்களுக்கு ஆகாததை அடுத்த நாட்டுக்கு விற்பது அநியாயம்.

கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோயாக வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகூட ஆகலாம். அதற்குள் அந்தத் தொழிலாளி எங்கே வேலை பார்த்தார் என்பதே மறந்துபோயிருக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிரிட்டன் 1999-இல் கல்நாரைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005-இல் தடை வந்தது. கனடாவின் சுரங்கம் 2012-இல் நின்றது, தடை 2018-இல். 2020-இல் ஆஸ்பெஸ்டாஸ் ஊர் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. ரஷ்யாவில் இன்னும் தோண்டுகிறார்கள். நாம் கூரைக்காக இன்னும் வாங்குகிறோம்.

வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் பதற வேண்டாம். உடையாத வரை ஆபத்து குறைவு. அறுப்பதும் துளை போடுவதும்தான் ஆபத்து. பழைய ஷீட்டைக் கழற்றும்போது தண்ணீரால் நன்றாக நனையுங்கள், உடைக்காமல் இறக்குங்கள், தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.