மஞ்சள் போனால் வருத்தம் போச்சா?

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் வைத்தியன் அல்ல. ஈரல் வருத்தத்தோடு வாழும் ஒருவன். அந்த ஒரு தகுதியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

1972ஆம் ஆண்டு. ஊரில் எனக்கு ஒன்பது வயது. கண் மஞ்சளாகி, சலமும் மஞ்சளாகி, சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளித்தது. "பெடியனுக்குச் செங்கமாரி" என்றா அம்மம்மா. கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரிலே கலக்கித் தந்தா. எண்ணெய் இல்லை, மீன் இல்லை, ஒரு மாதம் பத்தியம். மஞ்சள் போச்சுது. "இனி வருத்தம் இல்லை" என்று பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். ஐம்பது வருடம் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

2022இல் இங்கே ஜேர்மனியில் செய்த ஓர் இரத்தச் சோதனையில், என் உடம்பில் பி வகை ஈரல் அழற்சிக் கிருமி இருப்பது தெரிந்தது. "சின்னனிலை வந்து மாறின செங்கமாரிதானே டொக்டர்?" என்று கேட்டேன். "அது பெரும்பாலும் ஏ வகையாக இருந்திருக்கும். இது வேறு. பிறக்கும்போதோ குழந்தைப் பருவத்திலோ சத்தமில்லாமல் தொற்றியிருக்க வேண்டும்" என்றார்.

அன்புள்ளவர்களே, இதைத்தான் நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். செங்கமாரி ஒரே வருத்தம் அல்ல. அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வரும் ஏ வகை, மஞ்சளைக் காட்டிப் பயமுறுத்தும். ஆனால் மாறினால் முற்றாக மாறிவிடும். ஈ வகையும் அநேகமாக அப்படித்தான். ஆனால் கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்தானது.

பி வகையும் சி வகையும் இரத்தத்தால் தொற்றுகிறவை. பி, உடலுறவாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். வளர்ந்தவருக்குப் பி தொற்றினால் 100 பேரில் 95 பேருக்குக் குணமாகிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் 100இல் 90 குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். சி தொற்றியவர்களில் 100க்கு 70 பேரளவில் தங்குகிறது. தங்கும் கிருமி அநேகமாக மஞ்சளைக் காட்டாது, நோவைக் காட்டாது. இருபது, முப்பது வருடங்களில் ஈரலைத் தழும்பாக்கி இறுகச் செய்யும். சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

"கீழ்க்காய்நெல்லி இருக்குத்தானே?" என்று கேட்பீர்கள். அம்மம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஏ வகை தானாகவே மாறும். பெயர் மூலிகைக்குப் போய்விடும். 1988இல் சென்னையில் நடந்த ஆய்வொன்று, இந்த மூலிகையால் பலருக்குப் பி கிருமி நீங்கியதாக 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பேர்க்கும் அதில் பங்காளி. ஆனால் பின்னர் வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப் போடாதையுங்கோ.

இப்போது மருந்து இருக்கிறது. சி வகையை 8 முதல் 12 கிழமை வரை குளிசை எடுத்து 100இல் 95 பேருக்கு மேல் முற்றாக மாற்றுகிறார்கள். பி வகையை அநேகமாக அழிக்க முடியாது. ஆனால் தேவையானவர்களுக்குத் தினம் ஒரு குளிசையால் அடக்கி வைக்கலாம். நானும் எடுக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலை ஸ்கான் பண்ணுகிறார்கள். மதுவை அடியோடு விட்டுவிட்டேன்.

மனைவிக்குச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. வெட்கம். அவவுக்குத் தொற்றவில்லை, தடுப்பூசி போட்டாச்சு. பிள்ளையளுக்குச் சின்ன வயதிலேயே இங்கை தடுப்பூசி போட்டிருந்தபடியால் தப்பினார்கள். என் தாயில் பிழையில்லை. அந்தத் தடுப்பூசியே 1980களில்தான் வந்தது. நான் சொன்ன பிறகு, ஒரு வீட்டில் எனக்குத் தனியாகக் கோப்பை வைத்தார்கள். அது வேண்டாம். ஒன்றாய் இருந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது தொற்றாது. சவர அலகையும் பல்துலக்கியையும் மட்டும் பகிரக்கூடாது.

யுத்த காலத்தில் காயப்பட்டு இரத்தம் ஏற்றியவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! சி கிருமியையே 1989இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் ஏற்றிய இரத்தத்தில் அதை யாரும் சோதித்திருக்க முடியாது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 'செக்-அப்' சோதனையோடு பி, சி இரண்டையும் ஒருமுறை சோதிக்க, 2021 ஒக்ரோபர் முதல் அரச மருத்துவக் காப்புறுதி காசு கட்டுகிறது. குடும்ப வைத்தியரிடம் வாய் திறந்து கேளுங்கோ.

வருகிற சித்திரை முதலாம் திகதி மருத்துநீர் வைத்து முழுகுவோம். அதற்கு முன் ஒரு சின்னக் குப்பி இரத்தமும் கொடுத்து விடுவோம். எல்லோருக்கும் சுகமான புத்தாண்டு அமைய வாழ்த்தி, விடைபெறுகிறேன்.