பறையடித்துச் சொன்னவன் வீட்டுக்குச் சேதி வரவில்லை

(மாணவர் - இளைஞர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து நிலம், பண்பாடு, அரசியல் அதிகாரம் என்று பெரிய பெரிய விசயங்களைப் பேசினார்கள். எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு சின்னது. அரசாங்கம் போடுகிற பயிற்சி அறிவிப்பை எப்படி வாசிப்பது? பின்வரிசையில ஒரு தம்பி, "இதுக்கெல்லாம் ஒரு பேச்சா"ன்னு சிரிச்சார். சிரிங்க தம்பி, தப்பில்ல. ஆனா அந்த ஒரு தாளை வாசிக்கத் தெரியாததால ஒரு வருசம் செங்கச் சூளையில மண்ணு மிதிச்சவன் நான். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

முதலில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஊர் வெட்டியான். தண்டோரா போடுவதும் அவர் வேலைதான். மணியக்காரர் திண்ணையில் உட்கார்ந்து தாளைப் படிப்பார். இவர் கீழே தெருவில் நின்று காதால் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொள்வார். தாள் இவர் கைக்கு வராது. வந்தாலும் வாசிக்கத் தெரியாது. தீர்வை கட்டணும், புளியமரம் ஏலம், அம்மை குத்த ஆள் வருது என்று ஊர்த்தெரு ஒவ்வொன்றிலும் நின்று பறையடித்துச் சொல்லி முடித்து, சேரிக்கு வரும்போது இருட்டியிருக்கும். பறையைச் சுவரில் மாட்டிவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்துவிடுவார். சேரியிலும் சொல்லு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் சேதி சொன்ன மனுசன் வீட்டுக்கு அம்மை குத்துகிற சேதி தெரியாது. என் பெரியப்பா ஒருவர் சின்ன வயசிலேயே அம்மையில் செத்துப்போனார்.

1980இல் கர்ணம், மணியம் என்ற பரம்பரை உத்தியோகங்கள் ஒழிந்தன. 2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கத்தையே நிறுத்தவேண்டும், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொல்லுங்கள் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்ல காரியம். நம்ம தோள்ல இருந்து பறை இறங்கிச்சு. ஆனா சேதி மட்டும் இன்னும் நம்ம தெருவுக்கு வந்து சேரல.

என் கதைக்கு வருகிறேன். பத்தாவது முடித்த வருசம் ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு அறிவிப்பு வந்தது. அதை ஊர்த்தெருவில் இருந்த பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நாங்கள் நின்று படிக்கிற காலம் இல்லை அது. விடுதியில் கூடப்படித்த பையன் சொல்லித்தான் தெரிந்தது. "உரிய சான்றுகளின் சான்றொப்பமிட்ட நகல்களுடன்" வரவேண்டும் என்று போட்டிருந்தான். ஒப்பம் என்றால் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எல்லா நகலிலும் என் கையெழுத்தையே அழகாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் இருந்தவர் வாங்கிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். "தம்பி, நீ என்ன கெசட்டட் ஆபீசரா?" என்று கேட்டார்கள். பச்சை மையில் ஓர் அதிகாரி போடவேண்டிய கையெழுத்தாம் அது. எங்கள் சேரியில் பச்சை மையைப் பார்த்தவர்கள் யார் இருந்தார்கள்? அதிகாரியைத் தேடி அலைந்து கையெழுத்து வாங்கித் திரும்புவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது.

அந்த வருசம் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனேன். கல் அறுக்கிறதுக்கு இன்னொரு கை வேணும்னு எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருசம் நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டேன். பிட்டர் ஆனேன். தங்கச்சி மறுபடியும் பள்ளிக்கூடம் போகவில்லை.

இன்றைக்குப் பல விண்ணப்பங்களில் 'சுயசான்றொப்பம்' போதும் என்கிறார்கள். அதாவது நகலில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும். நான் அன்றைக்குச் செய்த அதே காரியம்! அதிகாரி கையெழுத்து இல்லாமலே காரியம் நடக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்படியானால் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கும்?

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்தது. ஆபீசுக்குள் தமிழ் வந்தது. ஆனால் அந்தத் தமிழைப் படித்துவிட்டு நம்ம அம்மா, "என்னடா எழுதியிருக்கு?" என்று நம்மிடம்தான் கேட்கிறாள். அதனால் இன்றைக்கு ஓர் அறிவிப்பைச் சேர்ந்து வாசிப்போம். இது எந்த ஆபீசும் போட்டது இல்லை. பல அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற வரிகளைக் கோத்து நானே எழுதிக்கொண்டு வந்தது.

"ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வகுப்பைச் சார்ந்த, 18 முதல் 35 வயதிற்குட்பட்ட, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்திற்கு மிகாத, தகுதியும் விருப்பமும் உள்ள இளைஞர்களுக்குக் கட்டணமில்லாத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி அளிக்கப்படவுள்ளது. பயிற்சி முடிவில் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் வழங்கப்படுவதுடன், வேலைவாய்ப்பு பெற வழிவகை செய்யப்படும். விருப்பமுள்ளோர் உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிக்கலாம்."

ஒரே மூச்சில் படித்தால் ஒன்றும் ஒட்டாது. பிரித்துப் பார்ப்போம்.

'வகுப்பைச் சார்ந்த' என்றால் சாதிச் சான்று வேண்டும் என்று அர்த்தம். ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர் கொடுப்பார். பழங்குடியினருக்கு வட்டாட்சியர் கொடுத்தால் செல்லாது, கோட்டாட்சியர் கொடுக்கவேண்டும். இருளர் பிள்ளைகள் இந்த ஒரு தாளுக்காக வருசக்கணக்கில் நடக்கிறார்கள். அவர்களுக்கு அறிவிப்பு வந்த பிறகு சான்றுக்கு ஓடினால் முடியாது. நம்ம இயக்கத் தோழர்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கும்போதே அந்த வேலையைத் தொடங்கவேண்டும். இன்னொன்றும் பாருங்கள். சில அறிவிப்புகளில் 'கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்றும் சேர்த்திருப்பார்கள், சிலதில் இருக்காது. அந்த நாலு வார்த்தை இருந்தால் நம்ம கிறித்தவச் சொந்தங்களும் போகலாம். 'நமக்குக் கிடையாது' என்று படிக்காமலே விட்டவர்கள் அநேகம் பேர்.

'மிகாத' என்றால் அதற்கு மேல் போகக்கூடாது. ஆனால் எல்லா அறிவிப்புக்கும் ஒரே கணக்கு இல்லை. கல்லூரி உதவித்தொகைக்கு இரண்டரை லட்சம் என்பார்கள், பயிற்சிக்கு 3 லட்சம் என்பார்கள். அங்கே தள்ளிவிட்டார்கள் என்று இங்கேயும் போகாமல் இருக்காதீர்கள். சாதிச் சான்று ஆயுசுக்கும் போதும். வருமானச் சான்று ஒரு வருசம்தான். போன வருசச் சான்றைக் கொண்டுபோய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது 'கட்டணமில்லா'. பேச்சில் இதை 'இலவசப் பயிற்சி' என்கிறோம். தோழர்களே, இந்த வார்த்தையில்தான் நாம் தலை குனிகிறோம். ஏதோ தருமம் வாங்குகிற மாதிரி ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்கிறோம். இது யார் பணம்? தலித் மக்கள்தொகை எவ்வளவோ அந்த விகிதத்தில் திட்டப் பணத்தைத் தனியாக ஒதுக்கவேண்டும் என்று 1979லேயே சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20 பேர். அந்தப் பங்கை ஒதுக்கவும் செலவழிக்கவும் 2024இல் இங்கே தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். தாட்கோ என்ற நிறுவனத்தை 1974இல் தொடங்கியதும் நமக்காகத்தான். ஆக, அது நம்ம பங்கு. பங்கு கேட்கப் போகிறவன் நிமிர்ந்துதான் போகணும். பயிற்சியில் சேர யாராவது பணம் கேட்டால் அவன் திருடன். ரசீது கேளுங்கள், ஓடிவிடுவான்.

'அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ்' என்று போட்டிருக்கும். யார் அங்கீகரித்தது, எத்தனை மாசப் பயிற்சி என்று கேளுங்கள். ஐ.டி.ஐ.யில் ஒரு வருசமோ இரண்டு வருசமோ படித்து வாங்குகிற தேசியத் தொழிற்சான்று வேறு. மூன்று மாசக் குறுகியகாலப் பயிற்சியில் கொடுக்கிற தாள் வேறு. ஐ.டி.ஐ. கேட்கிற ரயில்வே வேலைக்கு இந்த மூன்று மாசத் தாளைக் காட்டினால் எடுக்கமாட்டான். மூன்று மாசப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஐ.டி.ஐ.யில் இடம் கிடைக்கிற பிள்ளையை, 'சீக்கிரம் வேலை' என்று சொல்லி மூன்று மாசத்தில் தள்ளிவிடாதீர்கள்.

'வழிவகை செய்யப்படும்'. ரொம்ப அழகான வார்த்தை. வேலை தருவோம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு நேர்காணலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாலும் வழிவகை செய்ததாகத்தான் கணக்கு. எங்கள் காலனிப் பையன் ஒருவன் வேலை உறுதி என்று நம்பி, கிடைத்த கூலி வேலையை விட்டுவிட்டுப் போனான். பயிற்சி முடிந்து தூரத்து நகரத்தில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். கொடுத்த சம்பளம் அறை வாடகைக்கும் சோற்றுக்கும் பத்தவில்லை. மூன்றாம் மாசம் திரும்பிவிட்டான். ஆனால் கணக்கில் அவன் வேலை பெற்றவன்தான். அதனால் சேரும்போதே கேளுங்கள்: போன தடவை படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? என்ன சம்பளம்? இரண்டு பேரைப் பார்த்துப் பேச முடியுமா?

கடைசியாக ஒரு வார்த்தை. 'விருப்பம்'. இந்தச் சின்ன அறிவிப்பில் இரண்டு தடவை வருகிறது. எங்கள் இரவுப் பாடசாலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அறிவிப்புகளை உரக்க வாசிப்போம். ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தபோது துப்புரவு வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி எழுந்தார். "விருப்பம் விருப்பம்னு படிக்கிறியே தம்பி, என் மவன் கரண்டு வேலை படிக்கணும்னு ஆசைப்பட்டுப் போனான். அந்த எடம் முடிஞ்சிபோச்சின்னு அவுசு கீப்பிங்குல போட்டானுங்க. பெருக்குறதுக்கும் தொடைக்கிறதுக்கும் என் வூட்டுப் பிள்ளைக்குப் பயிற்சி எதுக்கு? நான் பெத்ததே அதுக்குள்ளதானே?" என்று கேட்டார்.

நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்கிற 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் 13ஆவது பிரிவு சொல்கிறது: அந்த வேலையிலிருந்து மீட்கப்பட்டவருக்கோ, குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கோ வாழ்வாதாரத் தொழிலில் பயிற்சி தரவேண்டும், பயிற்சிக் காலத்தில் மாசம் 3,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவித்தொகை தரவேண்டும். அங்கேயும் 'தகுதிக்கும் விருப்பத்துக்கும் உட்பட்டு' என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த விருப்பம் யாருடைய விருப்பம்? நம்முடைய விருப்பம்தான். அதிகாரி மேசையில் காலியாக இருக்கிற இடத்தின் விருப்பம் அல்ல. அப்பன் பெருக்கினான், நீ மெசின் வைத்துப் பெருக்கு என்று ஒரு பயிற்சி சொல்லுமானால் அது குலத்தொழிலுக்குக் கொடுக்கிற சான்றிதழ். என்ன தொழில் வேண்டும் என்று விண்ணப்பத்தில் நாம் எழுதுவதை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லவேண்டும். மாற்றிப் போட்டால் காரணத்தையும் எழுத்தில் கேட்கவேண்டும்.

எப்படிக் கேட்பது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிப் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை. நம்ம மாவட்டத்தில் இந்தப் பயிற்சிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்தத் தொழிலுக்கு எத்தனை இடம், எந்தச் சாதிப் பிள்ளையை எந்தத் தொழிலில் போட்டார்கள், ஆறு மாசம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வரணும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். கிராம சபையில், இந்த அறிவிப்புகளை உரக்க வாசிக்கணும், காலனிச் சுவரிலும் ஒட்டணும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒருத்தன் கேட்டால் வம்புக்காரன் என்பான். பத்து மாணவர்கள் சேர்ந்து கேட்டால் கோப்பைத் திறந்துதான் ஆகணும்.

மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரட்டைமலை சீனிவாசன் 1893இலும் அயோத்திதாசர் 1907இலும் நம்ம சனங்களுக்காகப் பத்திரிகை நடத்தினார்கள். நம்மால் வாரத்துக்கு ஓர் அறிவிப்பை வாசித்துச் சொல்ல முடியாதா? விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு தாளை எடுத்துக்கொண்டு போங்கள். விளக்குக் கம்பத்தடியில் நாலு பேரை உட்காரவைத்து வாசியுங்கள். புரியாத வார்த்தைக்கு நம்ம தெருப் பேச்சில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடைசித் தேதியை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

என் தங்கச்சி மகள் இந்த வருசம் பன்னிரண்டாவது. போன மாசம் அவளே ஓர் அறிவிப்பைக் கொண்டுவந்து, "மாமா, இதுல 'வழிவகை'ன்னு போட்டிருக்கு, நான் போன் பண்ணிக் கேட்கப்போறேன்"னு சொன்னாள். பக்கத்தில் இருந்த தங்கச்சி, "நல்லா சத்தமா கேளு"ன்னா.

ஜெய்பீம்.