கை இங்கே, வேலை அங்கே

வெடிகுண்டை அகற்றும் பணிக்கு நம் ராணுவத்திடம் ‘தக்ஷ்’ என்ற ரோபோ இருக்கிறது. புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகம் உருவாக்கியது. சக்கரத்தில் ஓடும், படி ஏறும், எட்ட நின்று ஒருவர் இயக்குவார். ஆனால் கதவுக் கைப்பிடியும் ஏணியும் வால்வும் மனிதக் கைக்கும் காலுக்கும் ஏற்பச் செய்தவை. அங்கே புழங்க மனித உருவ ரோபோ வேண்டும். அதன் தோள், முழங்கை, விரல் எல்லாவற்றையும் ஜாய்ஸ்டிக்கால் ஒரே நேரத்தில் ஆட்டிவைக்க முடியுமா? அதனால்தான் இயக்குபவர் உடம்பிலேயே சென்சார்களைக் கட்டுகிறோம். அவர் கையைத் தூக்கினால் அங்கே ரோபோவும் தூக்கும்.

நான் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது அந்தச் சென்சாரோடுதான். நகத்தளவுச் சில்லு. உள்ளே முடுக்கமானி, கைரோஸ்கோப், காந்தமானி. உங்கள் கைபேசியிலும் பெரும்பாலும் இதே மூன்றும் இருக்கின்றன! கைரோஸ்கோப் திரும்பும் வேகத்தைத்தான் சொல்லும். அதைக் கூட்டிக் கூட்டித்தான் கோணத்தைக் கணக்கிடுகிறோம். கூட்டும்போது துளிப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். ஆள் அசையாமல் நிற்பார், ரோபோவின் கையோ மெல்ல விலகும். இதை ‘டிரிஃப்ட்’ என்போம்.

இதைத் திருத்தப் புவியீர்ப்பு கைகொடுக்கிறது. கீழ் எது என்று முடுக்கமானி காட்டிவிடும். வடக்கு எது? அதற்குக் காந்தமானி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் இரும்பு மேசை உண்டு. அதன் அருகே கையைக் கொண்டுபோனாலே வடக்கு இடம் மாறிவிடும். புதிதாகச் சேருகிறவர்களை முதலில் அந்த மேசைக்குத்தான் அழைத்துப் போவேன். கவச வண்டிக்குள் உட்கார்ந்து இயக்கும் வீரரைச் சுற்றி எல்லாமே எஃகு, நேயர்களே! காந்தமானியை எப்போது நம்புவது, எப்போது ஒதுக்குவது என்று முடிவெடுக்கும் மென்பொருள்தான் அங்கே அவருக்குத் துணை.

2019-இல் ரஷ்யாவின் ‘ஃபெடோர்’ என்ற மனித உருவ ரோபோ விண்வெளி நிலையத்துக்கே போனது. அங்கே தனி உடை அணிந்த விண்வெளி வீரரின் கையசைவை அது பின்பற்றியது. ஆனால் நடையையும் சமநிலையையும் பொதுவாக ரோபோவிடமே விட்டுவிடுவது நல்லது. ஆளின் காலும் ரோபோவின் காலும் ஒரே நீளமோ எடையோ அல்லவே. தாமதமும் ஒரு சிக்கல். 36,000 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோள் வழியே கட்டளை போய்க் காட்சி திரும்பவே ஏறக்குறைய அரை நொடி ஆகும். பக்கத்துத் தெருவிலிருந்து ரேடியோ அலையில் இயக்கினால் அந்தத் தொல்லை குறைவு.

முடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களில் சிலராவது இந்த டிரிஃப்டை அடக்க எங்களோடு வந்து சேர்வீர்கள் என்று நம்புகிறேன்.