சந்தைக் கிழமை



தரம் ஒன்றில் படிக்கும் பிள்ளை முற்பகல் 11.30க்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பல அம்மாமார் முதலில் திறப்பது அதன் கொப்பியைத்தான். "இண்டைக்கு ஒண்டும் எழுதேல்லையோ?" என்ற கேள்வியும் உடனே வரும். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் நெடுங்காலம் சின்னப் பிள்ளைகளோடேயே இருந்தவள் நான். தரம் ஒன்றில் ஒரு கிழமை எப்படிப் போகிறது என்பதை, எனக்கு மிகவும் பிடித்த கிழமையை வைத்தே சொல்கிறேன். அது, பிள்ளைகளே மரக்கறியும் கீரையும் விற்கும் சிறுவர் சந்தை நடக்கும் கிழமை.

முதலில் ஒரு விஷயம். 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999 இல் நாடு முழுவதற்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சிறு பிள்ளை கற்கும் வழிகளை விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றாக வகுத்தது. அதன்படி தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்கே முதலிடம். எழுத்துவேலைக்குக் கடைசி இடம். தரம் மூன்றிலும் நான்கிலும் இந்த மூன்று வழிகளும் சமமாக வரும். ஐந்தில்தான் எழுத்துவேலை மேலோங்கும். ஆகவே, வெறுமையாக வந்த கொப்பியைப் பார்த்து, அன்றைக்குப் படிப்பு நடக்கவில்லை என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள்.

திங்கட்கிழமை பாட்டோடு தொடங்கும். தோட்டமும் மரக்கறியும் என்றால் எனக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவர்தான் துணை. கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றி அவர் பாடியதை, ஒரு பிள்ளையை வெருளியாக நிறுத்திவைத்து மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று பாடுவார்கள். வெருளியாக நிற்கும் பிள்ளை அசையக் கூடாது; அதற்காகவே எல்லாரும் போட்டி போடுவார்கள். 1935 இலேயே வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் பிள்ளைகளுக்கென்று 'பிள்ளைப் பாட்டு' என ஒரு தொகுப்பை வெளியிட்டது. சிறு பிள்ளைக்குப் பாட்டு வேண்டும் என்பதை எங்கள் ஊர் ஆசிரியர்கள் அவ்வளவு காலத்துக்கு முன்பே விளங்கியிருந்தார்கள்.

செவ்வாய் சுற்றாடல் செயற்பாடு. வீட்டு வளவில் என்ன நிற்கிறதோ அதில் ஒரு பிடி கொண்டு வரச் சொல்வோம். முருங்கையிலை, வல்லாரை, தூதுவளை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை எல்லாம் வகுப்புக்கு வந்து சேரும். கண்ணைப் பொத்திக்கொண்டு மணந்து பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். ஒருமுறை கீரையைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தோம். வாழைநார் அறுந்து அறுந்து போனது. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழும்பி வந்து, "காய்ஞ்ச நார் அறுந்து போம் ரீச்சர், தண்ணியிலை நனைச்சுப்போட்டுக் கட்ட வேணும்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. நாரை நனைத்து, விரலால் நீவி, ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டுக் காட்டினாள். அன்று முழுக்க வகுப்புக்கு அவள்தான் ரீச்சர்.

புதன்கிழமை விலைச்சீட்டு எழுதுவது. இந்தக் கிழமையின் எழுத்துவேலை இதுதான். அட்டைத் துண்டில் பொருளின் பெயரும் விலையும் எழுத வேண்டும். 5 என்ற இலக்கத்தைத் திருப்பி எழுதிய ஒரு பிள்ளை, கையிலிருந்த 5 ரூபாக் குற்றியை உற்றுப் பார்த்துவிட்டுத் தானே அழித்து எழுதியது. நான் வாய் திறக்கவே இல்லை. வாங்குகிறவருக்கு விளங்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எழுத்து எப்படித் திருந்துகிறது பாருங்கள்!

வியாழன் காசு விளையாட்டு. ஐந்து 2 ரூபாக் குற்றிகளை வைத்திருக்கும் பிள்ளையிடம் ஒரு 10 ரூபாக் குற்றியை நீட்டி, மாற்றித் தருவாயா என்று கேட்டால், பல பிள்ளைகள் குற்றிகளைக் கையால் மூடிக்கொள்வார்கள். அந்த வயதில் ஒன்றைவிட ஐந்து பெரிது, அவ்வளவுதான். புளியங்கொட்டையை எண்ணி எண்ணி, குற்றிக்குப் பக்கத்தில் குவித்து வைத்தால்தான் 'இரண்டும் சரி' என்று பிடிபடும். சமயமும் வாய்மொழி ஆங்கிலமும் இந்தக் கிழமையிலும் உண்டு. நேரம் போதாததால் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மரநிழலில் வாங்குகளை வரிசையாகப் போடுவோம். சிறிய பாடசாலைகளில் தரம் ஒன்றில் பிள்ளைகள் குறைவு. ஐந்தாம் தரம் வரை எல்லாரும் சேர்ந்தே சந்தை வைப்பார்கள். அம்மா, அப்பா, அம்மம்மா, அயலட்டை என்று ஊரே திரண்டு வரும். தேசிக்காய், பயற்றங்காய், வாழைப்பழச் சீப்பு, காலத்துக்கு ஏற்றபடி பனங்கிழங்கு, எள்ளுருண்டை, வடை எல்லாம் இருக்கும். சுன்னாகம் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் பெரியவர்களோடு போய்ப் பழகிய பிள்ளைகள், வியாபாரிகள் கூப்பிடுகிற அதே இழுவையோடு "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிடுவார்கள். வல்லாரை விற்ற ஒருத்தி, "இது திண்டால் மறதி வராது" என்று சொல்லியே கூடையை வெறுமையாக்கினாள். வீட்டில் அம்மம்மா சொல்லும் வார்த்தை, தக்க இடத்தில் வந்து விழுந்தது.

இன்னொருவனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பச்சை மிளகாயைக் கூறு கூறாக வைத்திருந்தான். ஒரு கூற்றில் 10 மிளகாய், விலை 10 ரூபா. ஒரு வயதான அம்மா வாங்கிவிட்டு, "இன்னும் ரெண்டு போட்டுத் தாவன் ராசா" என்றார். அவனும் பக்கத்துக் கூற்றிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்தான். பிறகு அந்தக் கூற்றைப் பார்த்தான், குறைகிறது. அடுத்த கூற்றிலிருந்து இரண்டை எடுத்து இதை நிரப்பினான். அப்போது அது குறைந்தது. இப்படியே நகர்த்தி நகர்த்திக் கடைசிக் கூற்றுக்கு வந்தான். அதற்குப் பிறகு எடுக்க இடமில்லை. நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எண்ணினான்: எட்டு. கொஞ்ச நேரம் யோசித்தான். விலைச்சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் 8 என்று எழுதி வைத்தான். "இது சின்னக் கூறு, எட்டு ரூபா!" பெருக்கலும் விகிதமும் கேள்விப்படாத வயதில் ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்த கணக்கு இது. இதைச் சரி போட்டுத் திருத்த எந்தக் கொப்பியும் இல்லை, நேயர்களே. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

மறுகிழமை, சந்தையில் நடந்ததைப் பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதுவோம். தாங்கள் சொன்ன வசனம் என்பதால் விரல் வைத்து ஆசையோடு வாசிப்பார்கள். பாட்டு, மணம், முடிச்சு, குற்றி, பேச்சு எல்லாம் கடந்துதான் வாசிப்பு வந்து சேர்கிறது.

எனக்குத் தந்த நேரம் முடியப் போகிறது. உங்கள் பிள்ளையின் பாடசாலையில் சிறுவர் சந்தை என்று துண்டு வந்தால், வேலைக்கு அரை நாள் லீவு போட்டாவது போங்கள். ஆயிரம் ரூபாத் தாளோடு போகாமல், சில்லறையாக மாற்றிக்கொண்டு போங்கள். மிச்சக் காசை எண்ணித் தர அந்தச் சின்னக் கைகளுக்கு நேரம் கொடுங்கள். நீங்கள் எண்ணிக் காட்டிவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஒருவரும் வர முடியாத பிள்ளை எந்த வாங்கிலாவது இருக்கும்; அந்தப் பிள்ளையிடமும் ஒரு கட்டுக் கீரை வாங்குவீர்கள் என்று நம்புகிறேன்.