டிரினிடாடில் ஒரு நாள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



டிரினிடாட் என்றால் நம்ம ஆளுங்களுக்கு பிரையன் லாராதான் ஞாபகம் வருவார். வேலை விஷயமாகப் போன எனக்கு ஊர் சுற்றக் கிடைத்தது ஒரே ஒரு நாள். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வழிகாட்டியோடு வேனில் ஏறினோம். பார்த்த மூன்று இடங்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்து சாப்பாடு என்பது எனக்கும் தெரியும்!

முதலில் தென்மேற்கே லா பிரேயா. அங்கே இருப்பது தார் ஏரி. சுமார் 100 ஏக்கர், அத்தனையும் இயற்கைத் தார். யானைத் தோல் மாதிரி சுருக்கம் விழுந்த அதன் மேல் நடந்தே போகலாம். மெத்தென்ற இடத்தில் நின்றால் செருப்பு மெல்ல அமுங்கும். லேபில் பிட்டுமனில் ஊசி இறக்கி அளந்த சிவில் நண்பர்களே, அங்கே நாமேதான் ஊசி! தார் வெட்டிய பள்ளம் கொஞ்ச நாளில் தானே நிரம்பிவிடுகிறது. 1595-இல் சர் வால்டர் ராலே தன் கப்பல்களின் இடுக்குகளை இந்தத் தாரால்தான் அடைத்தாராம்.

திரும்பும் வழியில் வாட்டர்லூ. கடலுக்குள் ஒரு கோயில். வழிகாட்டி இதற்குப் பத்து நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தார், போட்டோ எடுக்க. கெஞ்சிக் கூத்தாடி முக்கால் மணி ஆக்கினோம்.

1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து சுமார் 1,40,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இந்தத் தீவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் வடக்கத்தியர், சென்னையில் கப்பலேறியவர்களும் உண்டு. அப்படி வந்த சமூகத்தில் ஒரு கரும்புத் தோட்டத் தொழிலாளி, சிவதாஸ் சாது. 1947-இல் கடலோரமாக ஒரு சின்னக் கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது. இடிக்கச் சொன்னார்கள்; மாட்டேன் என்றார். அபராதம், 14 நாள் சிறை. கோயிலையும் இடித்துவிட்டார்கள்.

வெளியே வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? நிலம்தானே கம்பெனிக்குச் சொந்தம், கடல் இல்லையே! சைக்கிளில் கல்லும் மணலும் சிமென்டும் கொண்டுபோய், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துக் கொட்டிக் கொட்டி, தண்ணீருக்குள் இடம் உண்டாக்கினார். மண் பரிசோதனை கிடையாது, எஸ்டிமேட் கிடையாது, கான்ட்ராக்டர் கிடையாது. ஆண்டுக்கணக்கில் ஒற்றை ஆள். பக்தி என்று ஒரே வார்த்தையில் வழிகாட்டி முடித்துவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலமெல்லாம் உழைத்த மண்ணில் ஒரு முழம்கூடத் தனக்கில்லை என்று சொன்னவர்களுக்கு அந்த மனிதர் கொடுத்த பதில் அது.

1970-இல் சாது காலமானார். அலை அரித்த கோயிலை, இந்தியர் வந்த 150-ஆம் ஆண்டான 1995-இல் எடுத்துக் கட்டினார்கள். இன்று கரையிலிருந்து நடைபாதை இருக்கிறது. அவருக்குச் சிலையும் இருக்கிறது. அந்த வட்டாரக் கரும்புத் தோட்டங்களைப் பின்னாளில் நடத்திய அரசுக் கம்பெனி 2003-இல் மூடப்பட்டது.

சாயங்காலம் கரோனி சதுப்புநிலம். அலையாத்திக் காட்டுக்குள் படகு. இருட்டும் முன் செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து அடைகின்றன. குஞ்சில் பழுப்பு, இறால், நண்டு தின்று தின்றுதான் அந்தச் சிவப்பு ஏறுகிறதாம். எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

போகிறவர்கள் கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர்லூவுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று வேனில் ஏறும்போதே பேசிவிடுங்கள்.