சேர்ந்து பாட ஓர் இடம்



நம் ஊர் வளவனூரைச் சுற்றியுள்ள கழனிகளில் இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. நாளெல்லாம் குனிந்து நாற்று நட்ட பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தச் சேற்றில் ஒரு பாட்டும் இருந்தது. ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கை நாற்றைப் பிரிப்பதும், ஊன்றுவதும், கால் பின்னால் நகர்வதும் அந்தத் தாளத்தில் நடக்கும். யாருக்குக் குரல் இனிமை என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் கூத்தையும் நினைத்துப் பாருங்கள். வேஷக்காரர் ஓர் அடி பாடி முடித்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதை ஏந்திப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் அவர் மூச்சு வாங்குகிறார். விடிய விடிய ஆடுகிறவரைத் தாங்குவது அந்தக் கூட்டுக் குரல்தான். மார்கழி பஜனையிலும் இதே முறைதான்.

இன்று ஒலிபெருக்கி பாடுகிறது, நாம் கேட்கிறோம். பாடத் தெரிந்தவர் மேடையில், தெரியாதவர் நாற்காலியில் என்று பிரிந்துவிட்டோம். இந்தப் பிரிவை ஏற்காத ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அவர் எம்.பி.சீனிவாசன். எல்லோருக்கும் எம்.பி.எஸ்.

1925இல் சித்தூரில் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்துக்கு வந்து, இப்டா என்ற மக்கள் நாடக மன்றத்தின் பாட்டுகளில் ஊறியவர். 1960இல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். ஜெயகாந்தன் எழுதிய ‘தென்னங்கீற்று’ பாட்டை நம்மில் பலர் இன்னும் முணுமுணுக்கிறோமே, அந்த மெட்டு அவருடையது. மலையாளத் திரையுலகம் அவரை நம்மைவிட அதிகம் கொண்டாடியது. திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்ததிலும் அவர் பங்கு பெரிது.

ஆனாலும் அவர் செய்ததிலேயே பெரியது சேர்ந்திசை என்றே நான் சொல்வேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர்களைக் கூட்டி ஒரு சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். பாரதி பாடல்களையும் பல மாநிலத்து நாட்டுப் பாடல்களையும் அவர்கள் பாடினார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நடவுப் பாட்டிலும் பஜனையிலும் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுகிறோம். மேல்நாட்டுச் சேர்ந்திசையில் குரல்கள் பிரிகின்றன. பெண்களில் உச்சக் குரல், தணிந்த குரல், ஆண்களிலும் அப்படியே. நான்கு தரப்பும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாட, அவை ஒன்றோடொன்று இசைந்து நிற்க வேண்டும். நம் ராகமும் தாளமும் குலையாமல் இதைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவர எம்.பி.எஸ். உழைத்தார். இங்கே குரல் வளத்தைவிடக் காதுதான் முக்கியம். பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்காமல் தன் பாட்டை மட்டும் பாடுகிறவரால் எவ்வளவு பயிற்சி இருந்தும் பயனில்லை.

எண்பதுகளில் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. நடத்திய முகாம்களில் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்திசை கற்றார்கள். வானொலியும் பல மொழிப் பாடல்களை நேயர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அன்று கற்ற வங்காளப் பாட்டையோ மலையாளப் பாட்டையோ இன்றும் மறக்காதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எம்.பி.எஸ். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார்.

அதே 1988 கோடையில், சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்டோனியா என்ற சின்ன நாட்டில், மக்கள் பெருந்திரளாகத் தாலின் நகரத் திடலில் கூடி இரவுகளில் பாடினார்கள். 1869இல் அந்த நாட்டில் தொடங்கிய பாட்டுத் திருவிழாவின் பழக்கம் அது. 1991இல் நாடு விடுதலை பெற்றது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த மக்கள் தங்களை ஒரே கூட்டமாக உணர்ந்தது அந்தத் திடலில்தான்.

நம் மாவட்டத்திலேயே ஆரோவில்லில் பல நாட்டவர் சேர்ந்து பாடும் குழு ஒன்று உண்டு. வளவனூரிலும் ஒன்று தொடங்கலாம். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். சுருதிக்கு ஓர் ஆர்மோனியம், சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட வராந்தா போதும். முதல் பாட்டுக்காக வெகுதூரம் போக வேண்டாம். நடவுக்குப் போன ஒரு பாட்டியம்மாவை நடுவில் உட்காரவைத்து, அவர் அடியெடுக்கட்டும், நீங்கள் வாங்கிப் பாடுங்கள். இரண்டாவது குரலை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.